மாதாமாதம் கட்ட முடியாதவர்களுக்கு ஏற்ற ஓய்வூதியத் திட்டம் எது?

கூறைநாட்டுக் கேமரா:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. மயிலாடுதுறையில் திருமணங்களுக்கு ஒளிப்படம் எடுப்பது தொழில். மனைவி, பள்ளி செல்லும் மகள், அம்மா என நான்கு பேர் கொண்ட குடும்பம். என் வரவு முழுக்கப் பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. தை பிறந்ததிலிருந்து ஆனி வரை முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும். ஆடியில் ஒன்றும் இருக்காது. ஆவணியில் கொஞ்சம் மூச்சு விடலாம். புரட்டாசியில் மறுபடியும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு மழையாக வேலை. மார்கழியில் திரும்பவும் வெறும் கை. நல்ல மாதத்தில் ஒரு லட்சம் வரை நிற்கும். மற்ற மாதங்களில் ஸ்டூடியோ வாடகைக்கே யோசிக்க வேண்டியிருக்கும். உதவியாளர் கூலி, ஆல்பம் அச்சுச் செலவு எல்லாம் போக ஆண்டுக்கு ஐந்து, ஆறு லட்சம் மிஞ்சுகிறது.

பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது. விசாரித்த இடத்திலெல்லாம் "மாதம் 5,000 கட்டுங்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அது எனக்கு ஒத்துவராது. கையில் வரும்போது கட்டலாம், வராத காலத்தில் விட்டாலும் பெரிய நஷ்டம் வராது என்கிற மாதிரியான வழி எது? என்.பி.எஸ்., பி.பி.எஃப்., எல்.ஐ.சி. பென்ஷன் பாலிசி, மியூச்சுவல் ஃபண்டு என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தாழம்பூ:

சகோதரரே, நான் மதுரையில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் வேலை. பணம் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் உங்கள் நிலை நன்றாகவே புரிகிறது. பலரும் முதலில் எத்தனை சதவீதம் வரும் என்று கேட்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கட்ட முடியாத ஆண்டில் அந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதை. நீங்கள் அதிலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள்.

நான் வைத்திருப்பது என்.பி.எஸ். எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டம். 2004இல் மத்திய அரசு ஊழியர்களுக்காக வந்தது. 2009 மே முதல் எல்லாக் குடிமக்களும் சேரலாம் என்றாகிவிட்டது. இதில் டயர் 1 என்பதுதான் உண்மையான ஓய்வூதியக் கணக்கு. ஒரு தடவைக்குக் குறைந்தது 500 ரூபாய், ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் குறைந்தது 1,000 ரூபாய். நிபந்தனை அவ்வளவுதான். வைகாசியில் ஒரே நாளில் 40,000 போடலாம், அடுத்து எட்டு மாதம் எதுவும் போடாமல் இருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஓராண்டு அந்த 1,000கூடப் போடவில்லை என்றால் கணக்கை முடக்கி வைப்பார்கள். அப்போதும் நீங்கள் சேர்த்த யூனிட்டுகள், அதாவது உங்கள் பணத்துக்குக் கிடைத்த முதலீட்டு அலகுகள், சந்தையில் அப்படியே இருக்கும். பராமரிப்புக் கட்டணம் மட்டும் அவற்றிலிருந்து கழியும். பிறகு குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தி உயிர்ப்பித்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவதும் எளிது. டி-ரெமிட் என்று ஒரு வசதி உண்டு. உங்களுக்கென்று ஒரு மெய்நிகர் கணக்கு எண் தருவார்கள். அதை உங்கள் வங்கிச் செயலியில் பயனாளியாகச் சேர்த்துவிட்டால், யாருக்கோ பணம் அனுப்புவதுபோல 500 ரூபாய்க்கு மேல் எந்த நாளும் எவ்வளவும் அனுப்பலாம். வங்கி வேலை நாளில் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைய விலைக்கே யூனிட் கிடைக்கும். வாடிக்கையாளர் பணம் வந்த அன்றே ஒரு பங்கை நான் இப்படித்தான் அனுப்பிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர்:

தம்பிக்கு வணக்கம். வங்கிக் கவுண்டரில் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதி போல நிம்மதியான கணக்கு வேறு இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். முன்பு ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவைதான் கட்டலாம் என்று இருந்தது. 2019 விதிகளில் அதையும் எடுத்துவிட்டார்கள். 50 ரூபாயின் மடங்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீத வட்டி. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை.

ஓராண்டு தவறினால் அந்த ஆண்டுக்கு உரிய 500 ரூபாயோடு 50 ரூபாய் அபராதம் கட்டினால் கணக்கு உயிர் பெறும். அதுவரை கடனோ பகுதித் தொகையோ எடுக்க முடியாது என்பது மட்டும்தான் இழப்பு. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துக்கொள்ளலாம். உங்கள் வயதுக்கு இரண்டு நீட்டிப்பில் அறுபதைத் தாண்டிவிடுவீர்கள்.

தொழில் செய்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தொழிலில் கடன்பட்டு வழக்கு வந்தால்கூட, கடன்காரர் கேட்டார் என்று நீதிமன்றம் பி.பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பு விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கேமராவும் லென்சும் கடனில் வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நெல்லை முகவர்:

நான் காப்பீட்டு முகவர். அதனால் சார்பாகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, என் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "இஷ்டம் இருந்தால் கட்டலாம்" என்ற வசதி, பல பேருக்கு "கட்டவே வேண்டாம்" என்பதில்தான் போய் முடிகிறது. நான் பார்த்த குடும்பங்களில் கடைசிவரை பணம் சேர்த்தவர்கள், கெடு தேதி ஒன்று கழுத்தில் இருந்தவர்கள்தான். ஆண்டுப் பிரீமியமாக எடுத்துக்கொண்டு, பாலிசித் தொடக்கத் தேதியை முகூர்த்த மாதங்கள் முடிகிற ஆனியில் வரும்படி அமைத்துக்கொண்டால் உங்கள் வரவுக்கும் பொருந்தும். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. தவறினாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் வட்டியோடு கட்டிப் புதுப்பிக்கலாம்.

தவில்காரர் மகன்:

முகவர் ஐயா சொல்வதில் கெடு தேதி என்ற பகுதியை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தேதி தவறும்போது என்ன நடக்கிறது என்பதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். அப்பா தவில் வித்வான். கோயில் உற்சவம், கல்யாணம் என்று வருகிற வருமானம். ஒரு தனியார் நிறுவனத்தின் பென்ஷன் பாலிசியை மாதப் பிரீமியத்தில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மாதப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான் என்று அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. கொரோனா ஆண்டில் கச்சேரி இல்லை, உற்சவம் இல்லை, பாலிசி காலாவதியானது. புதுப்பிக்கப் பழைய தவணைகளையெல்லாம் வட்டியோடு கேட்டார்கள். எங்கிருந்து கட்டுவது? விட்டுவிட்டோம். கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை.

இன்று அப்பாவின் வயது 68. கை வலியோடு இன்னும் வாசிக்கப் போகிறார். கேமரா அண்ணன் 36 வயதிலேயே இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கிறது.

கலைஞர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் தனித்தனி நல வாரியங்கள் இருக்கின்றன. உரிய வயதில் பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்து வந்தால் அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் கேட்க வழி உண்டு. அது வாழப் போதாது. ஆனாலும் பதிவு செய்யாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

நெல்லை முகவர்:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது தவறான விற்பனை. வரவு ஒழுங்கில்லாத கலைஞருக்கு மாதத் தவணை போட்டுக்கொடுத்தவர் மேல்தான் குற்றம். அதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். பாலிசியை இடையில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகையைச் சரண் மதிப்பு என்பார்கள். 2024 அக்டோபர் முதல் அதன் விதிகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றியிருக்கிறது. ஓராண்டுப் பிரீமியம் கட்டி நிறுத்தியவருக்கும் இப்போது ஏதோ ஒரு தொகை திரும்பும். முன்பு அதுவும் இல்லை.

திருச்சி வரிக்கணக்கர்:

வரி விஷயத்தை யாரும் தொடவில்லை. பென்ஷன் விற்கிறவர்கள் முதலில் எடுத்து வீசுவதே அதைத்தான் என்பதால் விளக்கிவிடுகிறேன்.

என்.பி.எஸ்.ஸில் 50,000 ரூபாய்க்குக் கூடுதல் வரி விலக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் முதலாளி தன் பங்காகச் செலுத்தும் தொகைக்குத்தான் விலக்கு. சொந்தத் தொழில் செய்பவருக்கு முதலாளி ஏது? ஆகவே சல்லிக்காசு விலக்கு இல்லை. பி.பி.எஃப். முதலீட்டுக்கு உரிய ஒன்றரை லட்ச விலக்கும் இதே கதைதான்.

இதற்காகப் பழைய முறைக்குத் தாவலாமா என்றால், உங்கள் வருமானத்தில் அது வேண்டாத வேலை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆறு லட்சம் மிஞ்சுகிற உங்களுக்கு வரியே வராது. வராத வரியை எப்படி மிச்சப்படுத்துவது? இன்னொன்று, தொழில் வருமானம் உள்ளவர்கள் சம்பளக்காரர்களைப்போல ஆண்டுதோறும் இந்த முறை, அந்த முறை என்று மாறிக்கொண்டிருக்க முடியாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புதியதற்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஆகவே "வரி மிச்சமாகும்" என்று சொல்லி உங்களிடம் எதையாவது விற்க வந்தால் அந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருவகையில் இது உங்களுக்குச் சுதந்திரம். மார்ச் 31க்குள் எதிலாவது திணித்தே ஆக வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை.

கூறைநாட்டுக் கேமரா:

ஐயா, இது எனக்குப் பெரிய தெளிவு. வரிக்காக என்று சொல்லித்தான் பலர் அணுகினார்கள். இப்போது எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. என்.பி.எஸ்.ஸில் பணத்தைப் போட்டால் எடுக்கவே முடியாது, பாதியைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

தாழம்பூ:

கம்பெனி வைத்துக்கொள்ளாது. ஒரு பங்குக்கு ஆன்யூட்டி வாங்க வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதாவது ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் அந்தத் தொகையைக் கொடுத்து, ஆயுள் முழுக்க மாதாமாதம் பென்ஷன் பெறுவது. முன்பு அறுபது வயதில் 40 சதவீதத்துக்கு ஆன்யூட்டி வாங்கியே ஆக வேண்டும். 2025 டிசம்பரில் விதி மாறிவிட்டது. அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு இப்போது கட்டாயம் 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதத்தை மொத்தமாக எடுக்கலாம். சேர்ந்த தொகை எட்டு லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையுமே எடுத்துக்கொள்ளலாம். எடுக்க விருப்பமில்லாவிட்டால் 85 வயது வரை கணக்கைத் தொடரவும் வழி செய்திருக்கிறார்கள்.

உரிய காலத்துக்கு முன்பே வெளியேற நினைத்தால்தான் கதை தலைகீழ். அப்போது 80 சதவீதம் ஆன்யூட்டிக்குப் போகும், 20 சதவீதம்தான் கைக்கு வரும். சிறிய தொகைக்கு மட்டும் விதிவிலக்கு. பிள்ளைகள் படிப்பு, திருமணம், வீடு, கடுமையான நோய் போன்ற காரணங்களுக்கு, நீங்கள் போட்ட பணத்தில் 25 சதவீதம் வரை இடையில் எடுக்கலாம். அதை நம்பி அவசரத்துக்கு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இது பூட்டிய பணம்தான். எனக்கு அந்தப் பூட்டே வசதியாக இருக்கிறது. ஏனென்றால் என் கைக்கு எட்டுகிற பணம் எதுவும் வீட்டில் தங்குவதில்லை.

செம்பருத்தி:

ஆன்யூட்டி என்றால் எவ்வளவு பென்ஷன் வரும்? யாராவது எண்ணாகச் சொல்லுங்கள்.

திருச்சி வரிக்கணக்கர்:

சொல்கிறேன். கேமரா தம்பி ஆண்டுக்குச் சராசரியாக 60,000 ரூபாய் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் ஒரு லட்சம், ஒரு வருஷம் இருபதாயிரம் என்று இருக்கும், சராசரிக்காகச் சொல்கிறேன். 24 ஆண்டுகளுக்கு 7.1 சதவீதத்தில் இது சுமார் 35 லட்சமாகும். 10 சதவீதம் கிடைத்தால் சுமார் 53 லட்சமாகும். பத்து சதவீதம் என்பது பங்குச் சந்தை சார்ந்த அனுமானம்தான், உத்தரவாதம் கிடையாது.

அந்த 53 லட்சத்தில் 20 சதவீதம், அதாவது 10.6 லட்சத்துக்கு ஆன்யூட்டி வாங்கினால், ஆண்டுக்கு ஆறரை சதவீதம் என்ற கணக்கில் மாதம் 5,700 ரூபாயைச் சற்றே தாண்டும். சாதாரண ஆன்யூட்டியில் அந்தத் தொகை ஆயுள் முழுக்க ஏறாது. மீதி 42 லட்சத்தை நீங்கள்தான் நிர்வகிக்க வேண்டும். அறுபதுக்குப் பிறகு அதில் 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். அதற்கு இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி.

கசப்பான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 24 ஆண்டு கழித்து வரும் 35 லட்சத்தின் இன்றைய மதிப்பு ஒன்பது லட்சத்துக்கும் குறைவு. 53 லட்சம் என்பது இன்றைய பதின்மூன்று லட்சம். காசாளர் ஐயா மன்னிக்க வேண்டும்: வயது 36 என்னும்போது முழுவதையும் பி.பி.எஃப்.பில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழில் வளர வளரச் சேர்க்கும் தொகையும் வளர்ந்தாக வேண்டும், ஒரு பகுதியாவது பங்குகளில் இருந்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற காசாளர்:

மன்னிக்க ஒன்றும் இல்லை, கணக்கு கணக்குதான். ஆனால் சந்தை சரியும்போது தூக்கம் கெடாதவர்கள் கவுண்டருக்கு வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2020 மார்ச்சில் மியூச்சுவல் ஃபண்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு டெபாசிட் போட வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வரவே நிச்சயம் இல்லாதவருக்குச் சேமிப்பும் நிச்சயம் இல்லாமல் போனால் தாங்குவாரா என்பதுதான் என் கவலை. பாதிக்குப் பாதி என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

தாழம்பூ:

ஐயா, அதே காரணத்துக்காகத்தான் மியூச்சுவல் ஃபண்டைவிட என்.பி.எஸ்.ஸை நான் சொல்கிறேன். சரியும்போது விற்க நினைத்தாலும் விற்க முடியாது! அதில் பங்கு, நிறுவனக் கடன் பத்திரம், அரசுப் பத்திரம் என்று விகிதத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். வழக்கமான முறையில் பங்கு 75 சதவீதம் வரை போகலாம். 2025 அக்டோபர் முதல் முழுவதும் பங்கில் வைக்கும் திட்டங்களும் வந்திருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். நான் பங்கில் பாதியும் அரசுப் பத்திரத்தில் பாதியும் வைத்திருக்கிறேன். நாமே தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றால், வயது ஏற ஏறப் பங்கின் விகிதத்தைத் தானாகக் குறைக்கும் ஆட்டோ சாய்ஸ் உண்டு.

செலவும் குறைவு. நிதியை நிர்வகிக்க ஆண்டுக்கு ஒரு சதவீதத்தில் மிகச் சிறு பகுதியைத்தான் எடுக்கிறார்கள். தரகர் மூலம் வாங்கும் பங்கு ஃபண்டுகளில் ஒன்றரை சதவீதம்கூடப் போகும். இருபத்து நான்கு ஆண்டில் இந்த வித்தியாசம் பல லட்சம்.

தவில்காரர் மகன்:

எல்லாரும் எதில் போடுவது என்றே பேசுகிறோம். எந்தப் பணத்திலிருந்து எடுத்துப் போடுவது என்பதுதான் எங்களைப் போன்ற வீடுகளில் சிக்கல். தையில் கையில் பணம் இருக்கும்போது பென்ஷனில் போட்டுவிட்டு, ஆடியில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தால் என்ன லாபம்? நகைக்கடன் வட்டி பி.பி.எஃப். வட்டியைத் தின்றுவிடும். முதலில் ஆடிக்கும் மார்கழிக்கும் வீட்டுச் செலவு, பிறகு மருத்துவக் காப்பீடு, அதன் பிறகே பென்ஷன். இந்த வரிசை மாறினால் எந்தத் திட்டமும் நிற்காது என்று நினைக்கிறேன்.

கூறைநாட்டுக் கேமரா:

தம்பி, நீங்கள் சொல்வது என் வீட்டுக்கதை. போன ஆடியிலும் சங்கிலி வங்கிக்குப் போய்த்தான் வந்தது.

என் தொழிலில் பணம் மூன்று தடவையாக வரும். பேசி முடிக்கும்போது முன்பணம். அது போக்குவரத்துக்கும் வாடகைக் கருவிகளுக்கும் போய்விடும். கல்யாணத்தன்று ஒரு பகுதி; அது வீடியோ எடுப்பவர், ட்ரோன் இயக்குபவர், உதவியாளர் கூலி. ஆல்பம் கொடுக்கும்போது கடைசித் தவணை. சில வீடுகளில் கல்யாணத் தம்பதிக்குக் குழந்தை பிறந்த பிறகும் ஆல்பத்தை வாங்க வரமாட்டார்கள், அந்தத் தவணை இழுத்துக்கொண்டே போகும்.

தாழம்பூ:

அப்படியானால் உங்கள் ஓய்வூதியம் அந்தக் கடைசித் தவணையில்தான் இருக்கிறது. முன்பணத்திலும் கல்யாண நாள் பணத்திலும் கை வைக்காதீர்கள், அவை உங்கள் பணமே அல்ல. ஆல்பம் கைமாறி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு நிற்பதுதான் உங்கள் சம்பாத்தியம். மாதம் இவ்வளவு என்று வைக்காமல், ஒவ்வோர் ஆல்பத்துக்கும் கடைசித் தவணையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துப் பாருங்கள். ஆடியில் ஆல்பம் கொடுக்கவில்லை என்றால் அந்த மாதம் உங்கள் பங்கு சுழியம். தவணை தவறியதாக மனதில் ஒரு சுமையும் இருக்காது. நல்ல ஆண்டில் தானாகவே தொகை ஏறும். வரிக்கணக்கர் ஐயா சொன்ன "சேர்க்கும் தொகையும் வளர வேண்டும்" என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

நெல்லை முகவர்:

இது நல்ல யோசனை. நான் கேட்ட கெடு தேதி இதில் வேறு உருவத்தில் வந்துவிட்டது. ஆல்பம் கொடுக்கும் நாள்தான் கெடு தேதி. எனக்கு இப்போது எதிர்ப்பு இல்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் பென்ஷன் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒரே தடவை பணம் கட்டி, சில ஆண்டு கழித்துப் பென்ஷன் தொடங்கும் வகை உண்டு. எல்.ஐ.சி.யின் நியூ ஜீவன் சாந்தி அப்படிப்பட்டது: குறைந்தது ஒன்றரை லட்சம், ஒத்திவைப்பு அதிகபட்சம் 12 ஆண்டு. தவணை என்பதே இல்லாததால் காலாவதி பயமும் இல்லை. இன்று வாங்கினால் 48 வயதிலேயே பென்ஷன் தொடங்கிவிடும், அது உங்களுக்குத் தேவையில்லை. ஐம்பதை நெருங்கும்போது ஏதாவது பெரிய தொகை கைக்கு வந்தால் அப்போது யோசியுங்கள்.

செம்பருத்தி:

அடல் பென்ஷன் யோஜனா பற்றி யாரும் சொல்லவில்லையே? அரசு உத்தரவாதம் இருக்கிறதே.

திருச்சி வரிக்கணக்கர்:

உத்தரவாதம் உண்மை. 18 முதல் 40 வயது வரை சேரலாம். 60க்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 வரை. ஆனால் வருமான வரி செலுத்துபவர்கள் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர முடியாது. சட்டப்படி வரி கட்டும் நிலை வந்தவரா இல்லையா என்பதைத் தம்பி தன் தாக்கல்களைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் சேர வேண்டும். தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும். மாதம், காலாண்டு, அரையாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம். அரையாண்டை எடுத்தால் நம் கேள்விக்கு ஓரளவு பொருந்தும். தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் தாமதக் கட்டணம். எப்படிப் பார்த்தாலும் 24 ஆண்டு கழித்து 5,000 ரூபாய் என்பது துணைக்குத்தான் ஆகும். வீட்டு வேலை, கட்டட வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேமரா தம்பிக்கு இல்லை.

கூறைநாட்டுக் கேமரா:

நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். இப்படி முடிவு செய்திருக்கிறோம். வருகிற ஆனி வரை பென்ஷன் பேச்சே இல்லை. ஆடிக்கும் புரட்டாசிக்கும் வேண்டிய வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் சேர்ப்போம். சங்கிலி இனிமேல் வங்கிக்குப் போகக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. ஆவணியிலிருந்து ஒவ்வோர் ஆல்பத்தின் கடைசித் தவணையிலும் ஐந்தில் ஒரு பங்கு: அதில் பாதி என்.பி.எஸ்., பாதி பி.பி.எஃப். என்.பி.எஸ்.ஸில் பங்கும் அரசுப் பத்திரமும் சமமாக.

ஒரு சந்தேகம் பாக்கி. முகூர்த்தக் காலத்தில் வரும் பங்கை உடனே டயர் 1இல் பூட்டக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. கேமரா பழுதானால்? அம்மாவுக்கு ஏதாவது என்றால்?

தாழம்பூ:

அதற்குத்தான் டயர் 2 இருக்கிறது. உங்கள் என்.பி.எஸ். எண்ணின் கீழேயே இன்னொரு கணக்கு; எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிலிருந்து டயர் 1க்கு மாற்றலாம், அங்கிருந்து இங்கே திரும்ப மாற்ற முடியாது. சில மாதம் டயர் 2இல் வைத்திருந்து, பங்குனி முடிவில் தேவைப்படாததை டயர் 1க்குத் தள்ளிவிடலாம். அங்கும் விலை ஏறி இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். எடுக்கும்போது லாபம் இருந்தால் அது வருமானத்தில் சேரும்.

ஓய்வுபெற்ற காசாளர்:

இந்த ஒரு விஷயத்தில் நான் ஒப்பவில்லை. மூன்று நான்கு மாதத்துப் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கோ குறுகிய கால டெபாசிட்டோ போதும். ஏறி இறங்குகிற இடத்தில் அம்மாவின் மருத்துவச் செலவை வைக்க வேண்டாம். எந்த மாதம் எவ்வளவு எடுத்தோம் என்று வரிக்கணக்கரிடம் போய் நிற்கிற வேலையும் மிச்சம்.

பி.பி.எஃப். தொடங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். மாதத்தின் ஐந்தாம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி போட்டால் ஒரு மாத வட்டி போனது போனதுதான். ஆல்பம் பணம் மூன்றாம் தேதி வந்தால் நான்காம் தேதியே போட்டுவிடுங்கள். இரண்டாவது, உங்கள் மனைவி பெயரிலும் ஒரு கணக்கு தொடங்குங்கள். இப்போதைக்கு 500 ரூபாய் போட்டு வைத்தால் போதும், பதினைந்து ஆண்டுக் கணக்கு இன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

கூறைநாட்டுக் கேமரா:

ஐயா சொன்னபடியே செய்கிறேன். அவசரப் பணம் டெபாசிட்டில். மனைவி பெயரில் கணக்கு என்றதும் அவளே நாளைக்கு அஞ்சலகம் போகலாம் என்கிறாள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஓய்வுபெற்ற காசாளர்:

ஆதார், பான், ஒளிப்படம், முதல் தொகை. நியமனதாரர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். பலர் அவசரத்தில் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என்.பி.எஸ். தொடங்கும்போதும் அப்படியே, உரியவர் காலமானால் சேர்ந்த தொகை முழுவதும் நியமனதாரருக்குப் போகும். அம்மா பெயரைப் போட்டாலும் மனைவி பெயரைப் போட்டாலும், பங்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். காலை பதினொரு மணிக்குள் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்.